உதட்டுக்கு முன்னால் வந்த மூச்சு

அந்த நாற்காலி வேண்டாம் அம்மா, அதற்கு ஒரு கால் கட்டை. உட்கார்ந்தால் கிறீச்சென்று கத்தும். உள்ளே டேக் ஓடும்போது வெளியே சத்தம் கேட்டால் இன்ஜினியர் தம்பிக்குக் கோபம் வரும். இப்படி என் பக்கத்தில் வாருங்கள்.

பயப்படாதீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் படியேறும்போது கேட்ட அழுகை ரெக்கார்டிங். மற்ற நாளில் இந்தக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. இன்றைக்கு ஏதோ ஒரு ஒயரைக் கதவுக்கு நடுவே விட்டிருக்கிறார்கள். ஒரு விரல் அளவுக்குத் திறந்தே கிடக்கிறது. காலையிலிருந்து இத்தோடு எட்டுத் தடவை ஆயிற்று. வாய்ஸ் டெஸ்டுக்கு வந்தது ஆறு பேர், ஆளுக்கு ஒரு தடவை போட்டுக் காட்டினார்கள். எனக்கு மட்டும் இன்னொரு தடவை. இப்போது நீங்கள் கேட்டது இன்ஜினியர் எதையோ சரிபார்க்கப் போட்டது.

ஆமாம், அந்த ஆறு பேரில் நானும் ஒருத்தி. மற்ற ஐந்து பேரும் போய்விட்டார்கள். என்னை இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். டைரக்டர் தம்பி மொட்டை மாடிக்கு டீ குடிக்கப் போயிருக்கிறார். இறங்கி வந்ததும் இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்றிருக்கிறார். அதோடு சரி.

உங்கள் மகளா கீழே பேசுகிறாள், அந்தச் சின்னப் பெண் வேஷத்துக்கு? நல்ல குரல். வரும்போது கேட்டேன். வாக்கியத்தின் கடைசி எழுத்தை மட்டும் விழுங்குகிறாள். வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள், இப்போது சொல்லாதீர்கள், பயந்துவிடுவாள்.

நான் இப்போது பேசவே கூடாது. தொண்டையை வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் யார் அது, இப்படி அழுகிறார்களே என்று நீங்கள் கேட்டுவிட்டீர்கள். மூன்று வருடமாக யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது, மகள் பேசி முடித்ததும் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். அதனால் சொல்கிறேன்.

அது நான். ஆனால் நான் அழவில்லை. அதைத்தான், தெரிந்த ஒன்றிரண்டு பேரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

என் பெயர் தையல்நாயகி. இங்கே எல்லாருக்கும் தையலக்கா. படித்தது எட்டாவது. கல்யாணம் கில்யாணம் எதுவும் அமையவில்லை, தங்கை பாலாம்பிகை வீட்டில் இருக்கிறேன். முதலில் சபா நாடகங்களில் பிராம்ட்டராக இருந்தேன். மேடையில் நடிக்கிறவர்கள் வசனத்தை மறந்தால் ஓரத்தில் மறைவாக நின்றுகொண்டு எடுத்துக் கொடுப்பது. எனக்குப் பிடித்த வேலை அது. யாரும் நம்மைப் பார்க்க மாட்டார்கள். நாம் எல்லாவற்றையும் பார்க்கலாம். அங்கிருந்துதான் டப்பிங்குக்கு வந்தேன். இங்கேயும் யாரும் பார்ப்பதில்லை.

இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கூட்டக் குரல்தான் நிறைய. சந்தைக் கூட்டம், கோயில் கூட்டம், இழவு வீட்டுக் கூட்டம். ஆஸ்பத்திரியில் நர்சு பேசுகிற ஒரு வரி. பக்கத்து வீட்டுக்காரி பேசுகிற இரண்டு வரி. முழுசாக ஒரு வேஷம், முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை ஒரே ஆளுக்கு என் குரல் என்று ஒரு படம்கூட இல்லை. டெஸ்டுக்குக் கூப்பிடுவார்கள், போவேன், சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

ஆனால் சிங்க்கில் என்னை ஒருவர் குறை சொல்லட்டும் பார்ப்போம். சிங்க் என்றால், திரையில் வாய் அசைவதும் நாம் பேசுவதும் ஒன்றாகச் சேருவது. நான் உதட்டை எண்ணுவேன். பா, மா வருகிற இடத்தில் உதடு ஒட்டியே ஆக வேண்டும். 'மாமா, அம்மா எப்பம்மா வருவா' என்றால் ஐந்து தடவை ஒட்ட வேண்டும். 'வருவா' என்பதில் ஒட்டாது, பல்லில் தொடும், அவ்வளவுதான். மூச்சு எங்கே எடுக்கிறார்கள் என்றும் எண்ணுவேன். நடிக்கிறவர் மூச்சை எடுக்கும்போது நானும் எடுப்பேன், விடும்போது விடுவேன். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். தையலக்கா அழுதால் ஸ்கேல் வைத்து அழுவார்கள் என்பார்கள். சொல்லட்டும். கோணலாக அழுவதைவிட அது மேல்.

இருங்கள். மாடிக் கதவுச் சத்தம்.

இல்லை, வேறு யாரோ.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு படம். அதில் அம்மா வேஷம் ஒரு மலையாளத்து நடிகைக்கு. அவருக்குத் தமிழ் வராது. யார் குரல் என்று முடிவாகும்வரை சும்மா ஒரு குரலைப் பேசி வைப்பார்கள். ட்ராக் பேசுவது என்போம். அப்புறம் நிஜமான குரல் வந்ததும் நம்முடையதை அழித்துவிடுவார்கள். ஜெயசீலன் என்னை ட்ராக் பேசக் கூட்டிப்போனான். ஜெயசீலன்தான் எங்களுக்கெல்லாம் வேலை சொல்கிற ஆள், கோஆர்டினேட்டர். இன்றைக்கும் அவன்தான் கூட்டி வந்தான். பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு போனை வைத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடக்கிறானே, அவன்தான்.

முதல் ரீல் பேசி முடித்ததும் அந்த டைரக்டர் சொன்னார், நன்றாகத்தானே இருக்கிறது, இந்த அம்மாவே பேசட்டுமே என்று. நான் வீட்டில் வந்து மெதுவாகத்தான் சொன்னேன். பாலா கேசரி கிளறிவிட்டாள். கிளறினதோடு விட்டாளா, எதிர்வீடு, மாடிவீடு எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்து, எங்க அக்கா அம்மா வேஷத்துக்குப் பேசறா என்று சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் கேசரி நன்றாக இருந்தது.

மீதி ரீல் எல்லாம் பேசினேன். கடைசியில் ஒரு காட்சிதான் பாக்கி. போலீஸ்காரர்கள் மகனுடைய உடம்பைக் கொண்டுவந்து வாசலில் போடுவார்கள். அம்மா கொஞ்ச நேரம் வெறுமனே பார்ப்பாள். பிறகு வாயைத் திறந்து அழுவாள். வசனம் இல்லை. நான் இரண்டு தடவை படத்தைப் போட்டுப் பார்த்து எண்ணி வைத்துக்கொண்டேன். எங்கே வாய் திறக்கிறது, எங்கே தலை குனிகிறது, எல்லாம் கையில் இருந்தது.

எங்கள் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவில் கண்ணாடி உண்டு. அவர்கள் ஒரு பொத்தானை அழுத்திப் பேசினால் எங்கள் காதில் மாட்டியிருக்கிற ஹெட்போனில் கேட்கும். கையை எடுத்தால் கேட்காது. அன்றைக்கு அந்தப் பொத்தான் அழுத்தினபடியே நின்றுவிட்டது. அவர்களுக்குத் தெரியாது.

அந்த டைரக்டர் யாரிடமோ சொன்னார். "உதடெல்லாம் கரெக்டா ஒட்டுது சார். ஆனா இதுல அம்மா எங்க? கணக்குப்பிள்ளை கணக்கு ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. இது ட்ராக்காவே இருக்கட்டும். சுகந்தியைக் கூப்பிட்டு மொத்தத்தையும் மாத்திடுங்க."

இன்னொருவர் கேட்டார், "இவங்ககிட்ட யார் சொல்றது?"

"இதையும் முடிச்சிட்டுப் போகட்டும். ஜெயசீலன் சொல்லிக்குவான்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அம்மா. மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் கோபம் என்று வைத்துக்கொள்ளலாம். மெதுவாகச் சொன்னால் அது முடிவு.

ரெக்கார்டிங் ஆரம்பம் என்கிற சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. படம் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று திரையையே பார்த்தேன். அந்த மலையாளத்து அம்மா மகனைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு மூச்சு வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஏசி வேறு ஜில்லென்று இருந்தது. காலையிலிருந்து நின்ற கால். மூச்சு ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டது, அதை எடுக்கப் பார்த்தேன், தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். இப்போது கேட்டீர்களே, நடுவில் துணிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். அது அந்த முந்தானை. நூல் புடவை.

விளக்கு அணைந்ததும் நான்தான் முதலில் பேசினேன். "சார், சிங்க் போயிடுச்சு. மன்னிச்சிடுங்க. ஒன் மோர் எடுத்துக்கலாமா?"

 டைரக்டர் சொன்னார், "வேண்டாம்மா. போதும்." குரலே வேறு மாதிரி இருந்தது. என்மேல் அவ்வளவு சலிப்பு என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜெயசீலன் மறுநாள் வந்து சொன்னான். சுகந்தி பேசுகிறாள் என்று, அப்போது பெரிய அம்மா வேஷத்துக்கெல்லாம் அவள் குரல்தான். தெரியும் என்றேன். பாலாவிடம் நான்தான் சொன்னேன். அவள் எதிர்வீட்டுக்காரியிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

படம் வந்தது. நான் வரவில்லை என்றுதான் சொன்னேன், பாலா இழுத்துக்கொண்டு போனாள். படம் முழுக்க சுகந்தி குரல். நன்றாகத்தான் பேசியிருந்தாள். உதடு நாலைந்து இடத்தில் சேரவில்லை, ஆனால் நன்றாக இருந்தது. அந்தக் கடைசிக் காட்சி வந்தது. போலீஸ்காரர்கள் உடம்பைப் போட்டார்கள். அப்புறம் அந்த மூச்சு வந்தது. என்னுடைய மூச்சு. அழிக்கவில்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

தியேட்டரே மூக்கை உறிஞ்சுகிறது. எனக்குக் காது அடைத்துவிட்டது. முந்தானை விலகினது தெரியாமல் கடைத்தெருவெல்லாம் நடந்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரே ஒரு தடவை உதட்டைத் தவறவிட்டேன். அதைப் போய் ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார்கள். வாய் திறப்பதற்கு முன்னாலேயே மூச்சு வருகிறது அம்மா. குருடனுக்குக்கூடத் தெரியும்.

பாலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இது உன் அழுகை. அப்பா செத்தப்போ நீ இப்படித்தான் அழுத" என்றாள். நான் எங்கே அழுதேன்? அப்பா செத்தபோது வந்தவர்களுக்கு டம்ளர் போதவில்லை, நான் அடுக்களையில் டம்ளர் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இவளுக்கு எப்போதுமே எதையாவது கூட்டிச் சொல்கிற பழக்கம்.

அந்த டைரக்டர் ஆபீசுக்குப் போனேன். நானாக ஒரு ஆபீஸ் படியேறியது அது ஒன்றுதான். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். "பேர் போடலைன்னு வருத்தமாம்மா? என் தப்புதான், அடுத்த படத்துல கண்டிப்பா" என்றார். பேர் வேண்டாம் சார், அந்த இடத்தை எடுத்துவிடுங்கள், சுகந்தியையே அழச் சொல்லுங்கள் என்றேன். முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். படம் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, இனிமேல் எடுக்க முடியாது என்றார். காப்பி வரவழைத்தார். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

சுகந்திக்கு அதற்கு விருது கொடுத்தார்கள். மேடையில் அந்தத் துண்டைத்தான் போட்டுக் காட்டினார்கள். கூட்டக் குரல் பேசுகிற நாங்களெல்லாம் பின் வரிசை. எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் திரும்பிப் பார்ப்பார்களே.

இன்றைக்குக் கதை என்னவென்றால், இந்தப் படத்திலும் ஒரு அம்மா. முதல் காட்சியிலிருந்து கடைசி வரை வருகிற அம்மா. டைட்டிலில் குரல் கொடுத்தவர் என்று தனியாகப் பேர் வருமாம். இந்த டைரக்டர் தம்பி சின்ன வயசு, தலையில் தொப்பி. மரியாதையான பிள்ளை. வந்த ஆறு பேருக்கும் அதையே சொன்னார். "சுகந்தி மேடம் இப்போ ஃபீல்டுல இல்ல, அமெரிக்காவுல மகன்கூட இருக்காங்க. எனக்கு அவங்க பண்ணின இந்த அழுகை மாதிரி வேணும்" என்று சொல்லிவிட்டு அதைப் போட்டார்.

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். என்னை எனக்கே போட்டுக் காட்டுகிறார்கள்.

அழுதேன். உதடு சரியாகச் சேர்ந்தது. நன்றாக இருக்கிறது, ஆனால் அது வரவில்லை என்றார். இன்னொரு தடவை கேளுங்கள் என்று மறுபடி போட்டார். நான் சொல்லிவிட்டேன். "தம்பி, அதுல ஒரு தப்பு இருக்கு. வாய் திறக்கறதுக்கு முன்னாடியே மூச்சு வந்துடுது."

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அந்தத் தப்புதாம்மா வேணும்."

சரி, வேண்டுமென்றால் கொடுத்துவிட வேண்டியதுதான். எவ்வளவு முன்னால் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நானே எண்ணிக்கொண்டேன். மூச்சு, ஒரு இமை கொட்டுகிற நேரம், அப்புறம் தொண்டைச் சத்தம், அப்புறம் துணி. முந்தானையைக்கூட அதே மாதிரி வாயில் வைத்துக்கொண்டேன். அதேதான் அம்மா. ஒரு நூல் பிசகவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பொத்தானை அழுத்தி, ரொம்பத் தயங்கிச் சொன்னார். "தப்பா நினைக்காதீங்கம்மா. எல்லாம் இருக்கு. ஆனா அளந்து வெச்ச மாதிரி இருக்கு."

அப்புறம்தான் டீ குடிக்கப் போனார்.

ஜெயசீலனுக்கு அது என் குரல் என்று தெரியும், படிக்கட்டில் என்னை மடக்கினான். "அக்கா, ஒரு வார்த்தை. அது என் குரல்தான்னு சொல்லுங்க. உங்களுக்கு வாய் வரலைன்னா நான் சொல்றேன். இப்பவே வேஷம் உங்களுக்கு."

"வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு" என்றேன்.

"எதுக்குக்கா இந்தப் பிடிவாதம்? இதை விட்டா இந்த வயசுல உங்களுக்கு இன்னொரு அம்மா வேஷம் வராது. பாட்டி வேஷம்தான். அதுவும் எல்லாப் படத்துலயும் முதல் ரீல்லயே பாட்டியைக் கொன்னுடறாங்க."

சிரிப்பு வந்தது. அவன் அப்படித்தான், அழுகிறவர்களைக்கூடச் சிரிக்கவைப்பான். ஆனால் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டேன்.

நீங்களே சொல்லுங்கள். அது என் குரல் என்று சொன்னால், அதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார்கள். நான் என்ன சொல்வேன்? ஒருத்தர் என்னை வேண்டாம் என்று சொன்னார், அதைக் காதில் வாங்கிக்கொண்டு நின்றேன், அப்போது வந்தது என்றா? தொழில் தெரிந்தவள் என்று ஒரு பேர் இருக்கிறது எனக்கு. வேறு ஒன்றும் இல்லை. வேலை நடக்கிற இடத்தில் நின்று சொந்த அழுகையை அழுதாள் என்று ஆகிவிட்டால் அப்புறம் நான் யார்? அதுவும், நான் அழவே இல்லை. மூச்சு வாங்கினேன்.

அந்தத் தம்பி சொன்னதும் தப்பில்லை. அளந்து வைத்த மாதிரி என்றார். அன்றைக்கு அவர் கணக்குப்பிள்ளை என்றார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள். இவரும் மெதுவாகத்தான் சொன்னார். கவனித்தீர்களா, இரண்டு பேரும் மெதுவாகத்தான்...

இருங்கள். இன்ஜினியர் மறுபடியும் போடுகிறார் பாருங்கள். கதவுப் பக்கம் காதை வையுங்கள். இப்போது ஒரு சத்தமும் இருக்காது. அந்த அம்மா மகனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இன்னும் வாய் திறக்கவில்லை. இன்னும் இல்லை. இதோ, மூச்சு. பார்த்தீர்களா, எவ்வளவு முன்னால். இது தொண்டை. இப்போது துணி. இப்போது...

என்ன அம்மா? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

கைக்குட்டை எதற்கு? எனக்கு ஒன்றுமில்லை. இரண்டு மாடி ஏறினேன் இல்லையா, அது. இந்த வயதில் மூச்சு வாங்கும். கொஞ்சம் இருங்கள். ஒன்றுமில்லை. அந்த நாற்காலிச் சத்தம் மாதிரி ஏதோ கேட்கிறதே, நானா அது?

யார், ஜெயசீலனா? எப்போது வந்து நின்றாய் நீ? டைரக்டர் தம்பியுமா? எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் அம்மா, எனக்குச் சொல்லக்கூடாதா?

"அக்கா, அப்படியே உள்ள வாங்க. மைக் ஆன்ல இருக்கு. ஒண்ணும் பேசாதீங்க, அப்படியே வாங்க."

"இப்படியேவா? ரெண்டு நிமிஷம் இருப்பா. சாருக்கு என்னைப் பத்தி என்ன தோணும்?"

"அக்கா, கண்ணைத் துடைக்காதீங்க. கை எடுத்துக் கும்பிடறேன்."

பார்த்தீர்களா, எப்படி அவசரப்படுத்துகிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் ஒழுங்கே கிடையாது. அந்தக் கைக்குட்டையைக் கொடுங்கள். பையில் பிளாஸ்க் இருக்கும், சீரக வெந்நீர், அதையும் எடுங்கள். தொண்டை இப்படி அடைத்துக்கொண்டு மைக் முன்னால் நிற்கலாமா? முகத்தைத் துடைத்தாயிற்றா, சரியாக இருக்கிறதா? மூச்சு நின்றுவிட்டது. இப்போது பரவாயில்லை.

வரட்டுமா அம்மா. நான் போய் ஒழுங்காக அழுதுவிட்டு வருகிறேன்.